அப்பாயியின் தாலாட்டும் ஆறு தந்திகளும்

பதுளை நகரை விட்டுப் பசறை நோக்கிச் செல்லும் வீதியை அண்டிய தேயிலைத் தோட்டமொன்றில் எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள குடும்பம் ஒன்று உண்டு. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மழை சற்றே விட்டிருந்த மாலை வேளையில், அவர்கள் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். நமுனுகுலை மலை முகிலுக்குள் மறைந்திருந்தது. லயத்து வாசலில் அவ்வீட்டுப் பையன், உயர்தர வகுப்பு மாணவன், கிற்றார் ஒன்றை மடியில் வைத்துச் சினிமாப் பாட்டொன்றை வாசித்துக்கொண்டிருந்தான். தாயார் கொழுந்தெடுத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய வாத்தியம் அது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என 2021ஆம் ஆண்டிலேதான் விதிக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்வோர், அந்தக் கிற்றாரின் விலை எத்தனை நாட் கொழுந்து என்பதைத் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பையன் மூன்று பாட்டுக்களைக் குறையின்றி வாசித்தான். அப்போது அடுப்படியிலிருந்து வந்த அவனுடைய அப்பாயி, "என்னா ராசா, ஊரு பாட்டெல்லாம் வாசிக்கிற. நான் ஒனக்குப் பாடுன தாலாட்ட வாசிக்க மாட்டியா?" என்று கேட்டார்.

பையன் சிரித்தான், பின்பு எம்மைப் பார்த்து, "அந்தப் பாட்டுக்குக் கோர்ட்ஸ் எங்கேயும் இல்லியே, சேர்" என்றான்.

இந்த ஒரு வார்த்தைதான் எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஆறு மாதகாலம் அவன் உழைத்திருக்கிறான். விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கின்றன. ஆயினும் அவன் கற்றது விரல்களை வைக்கும் படங்களையே. படம் இருக்கும் பாட்டை வாசிப்பான். படம் இல்லாத பாட்டின் முன்னே, அது தன்னைத் தொட்டிலில் உறங்க வைத்த பாட்டாயினும், கைகட்டி நிற்பான். அவனிடம் குறைந்திருந்தது திறமையன்று, சங்கீதத்தின் அறிமுறை. அறிமுறை என்றதும் பரீட்சைக்கு மனனஞ் செய்யும் வறட்டுப் பாடம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது செவி கேட்டதற்குப் பெயர் சொல்லும் வித்தை. பெயர் தெரிந்தால் விரல் தானே இடத்தைக் கண்டுகொள்ளும்.

கடல் கடந்து வந்த வாத்தியம்

கிற்றார் நமக்கு முற்றும் புதியதன்று. போர்த்துக்கீசர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். அவர்களுடைய சேனை 1630இல் பதுளைவரை வந்து, திரும்பும் வழியில் இதே ஊவா மண்ணிலுள்ள றந்தெனிவெலையில் தோற்றழிந்தது. சேனை தோற்றது, அம்மக்களோடு இத்தீவுக்கு வந்த பாட்டு மரபு தோற்கவில்லை. அதன் வழிவந்த பைலாப் பாட்டில் கிற்றாரும் இடம்பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பாடிய துள்ளிசைப் பாடல்கள் அவ்வாத்தியத்தின் ஓசையைத் தமிழ் வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தன. இன்று நாம் காணும் கிற்றாரின் உருவத்தை அமைத்துத் தந்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ் என்னும் கைவினைஞர்; அவர் வாழ்ந்த காலம் 1817 முதல் 1892 வரை. தந்தியின் நீளம் 65 சென்ரிமீற்றர் என்னும் வழக்கமும் அவர் வழியாகவே நிலைபெற்றது.

ஒரு தந்தி, பன்னிரண்டு வீடுகள்

பையனிடம் ஐந்து தந்திகளை மறந்துவிடச் சொன்னோம். கீழிருந்து எண்ணினால் மூன்றாவதாக உள்ள தந்தி ஒன்று போதும் என்றோம்.

கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை, வீணைக்காரர் வழக்கைப் பின்பற்றி, மெட்டுக்கள் என்று சொல்வோம். ஒன்றும் அழுத்தாமல் தந்தியை மீட்டினால் எழும் ஒலியை ஷட்ஜம், அதாவது 'ச', என்று வைத்துக்கொள்க. முதலாம் மெட்டு சுத்த ரிஷபம். இரண்டாவது சதுச்ருதி ரிஷபம். மூன்றாவது சாதாரண காந்தாரம். நான்காவது அந்தர காந்தாரம். ஐந்தாவது சுத்த மத்திமம். ஆறாவது பிரதி மத்திமம். ஏழாவது பஞ்சமம். எட்டாவது சுத்த தைவதம். ஒன்பதாவது சதுச்ருதி தைவதம். பத்தாவது கைசிகி நிஷாதம். பதினோராவது காகலி நிஷாதம். பன்னிரண்டாம் மெட்டை அடைந்ததும் மீண்டும் ஷட்ஜம், ஆனால் மேல்ஸ்தாயியில்.

மேனாட்டார் இந்தப் பன்னிரண்டுக்கும் ஏ, பி, ஸி முதலிய எழுத்துக்களால் பெயரிட்டனர். நம்மவர் ஏழு சுரங்களின் பெயரால் அழைத்தனர். அதற்கும் முன்னே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றனர். சிலப்பதிகாரத்தின் உரைகாரர்கள் பன்னிரண்டு நிலைகளையும் பன்னிரண்டு இராசிகளில் நிறுத்திக் காட்டினார்கள். பெயர் வேறு, வீடு ஒன்று. பாடசாலையில் சரளிவரிசை பாடிய பிள்ளை கிற்றார் அறிமுறையில் பாதியை முன்னரே அறிந்திருக்கிறது. அதை அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்வார்தாம் இல்லை.

அடிக்கோலும் யாழ் நூலும்

மெட்டுக்கள் ஏன் கழுத்தின் தலைப்பில் அகன்றும், உடலை நெருங்க நெருங்க ஒடுங்கியும் இருக்கின்றன? பையனின் கணிதப் பெட்டியிலிருந்த அடிக்கோலை எடுத்து அளந்து பார்க்கச் சொன்னோம். தந்தியின் முழு நீளம் 65 சென்ரிமீற்றர். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் எஞ்சி ஒலிக்கும் நீளம் 32.5, அதாவது சரிபாதி. ஏழாம் மெட்டில் எஞ்சுவது ஏறத்தாழ 43.4. முழு நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கு 43.3. ஐந்தாம் மெட்டில் எஞ்சுவது 48.7 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நாலில் மூன்று பங்கு 48.75.

பையன் அடிக்கோலைக் கீழே வைக்கவில்லை. பாதி, மூன்றில் இரண்டு, நாலில் மூன்று என்னும் எளிய பின்னங்கள்தாம் மேல் ஷட்ஜமும் பஞ்சமமும் மத்திமமுமாக நம் செவிக்கு இனிக்கின்றன என்பதை அவன் அன்றுதான் கண்டான்.

இந்த இடத்தில் பெரியார் ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. பதுளையிலிருந்து கிழக்கே இறங்கும் பெருவீதி செங்கலடியில் முடிகிறது. அதற்குத் தெற்கே, கடலோரத்துக் காரைதீவில், 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலானந்தர். விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பேராசிரியர். வழக்கொழிந்துபோன யாழைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து மீட்டெடுக்க முனைந்தவர். நரம்பின் நீளத்தையும் சுரத்தின் உயரத்தையும் கணக்கினால் ஆராய்ந்து அவர் இயற்றிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அடிக்கோலைப் பிடித்துத் தந்தியை அளக்கும் மாணவன், அறிந்தோ அறியாமலோ, அப்பெரியார் சென்ற வழியிலே ஓர் அடி வைக்கிறான்.

மேற்கூறிய அளவுகளில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருப்பதையும் வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். பன்னிரண்டு படிகளையும் ஒரே விகிதத்தில் அமைத்ததால் வந்த வித்தியாசம் அது. இதனாலேயே எந்த மெட்டையும் ஷட்ஜமாகக் கொண்டு எந்தப் பாட்டையும் தொடங்க முடிகிறது. இத்தகைய சமபங்கீட்டைத் தமிழிசைக்கு ஏற்றதென வாதித்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். அவருடைய 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தது.

பன்னிரண்டில் ஏழு

பன்னிரண்டு வீடுகளிலும் ஒரே பாட்டு குடியிருப்பதில்லை. ஏழைத் தேர்ந்தால் ஒரு மேளம். வெறுந்தந்தி, இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு என்று ஒரே தந்தியில் ஏறிச் செல்க. இதுவே நமது சங்கராபரணம். மேனாட்டார் மேஜர் என்று அழைப்பதும் இதுவே. மூன்றையும் எட்டையும் பத்தையும் எடுத்துக்கொண்டு நான்கையும் ஒன்பதையும் பதினொன்றையும் விட்டுவிட்டால் நடபைரவி; மேனாட்டாரின் மைனர் வகைகளில் ஒன்று. வெறுந்தந்தி, ஒன்று, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று என்று சென்றால் சங்கீத வகுப்பிலே முதல் நாள் பாடும் மாயாமாளவகௌளை.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. சங்கராபரணத்தின் அதே சுரங்களை வைத்துக்கொண்டு, ரிஷபத்தை ஷட்ஜமாகப் பாவித்துத் தொடங்கினால் கரகரப்பிரியா பிறக்கிறது. காந்தாரத்தில் தொடங்கினால் தோடி, மத்திமத்தில் கல்யாணி, பஞ்சமத்தில் அரிகாம்போதி, தைவதத்தில் நடபைரவி. ஒரு வீட்டிலேயே வாசலை மாற்றி மாற்றி நுழைவது போன்ற இவ்வித்தையைப் பழந்தமிழரும் அறிந்திருந்தனர். பண்ணுப் பெயர்த்தல் என்பது அவர்கள் இட்ட பெயர்.

தாலாட்டைத் தேடியபோது

நிற்க. அப்பாயியைப் பாடச் சொன்னோம். முதலில் வெட்கப்பட்டார். "கொரலு போச்சுங்க ஐயா" என்றார். பிறகு, அடுத்த வீட்டுக் குழந்தையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார்.

பையனிடம், "பாட்டு எங்கே வந்து இளைப்பாறுகிறது என்று மட்டும் கேள்" என்றோம். ஒவ்வோர் அடியும் முடியும் இடத்தில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தது. பையன் தந்திகளைத் தட்டித் தேடினான். மூன்றாந் தந்தியை அழுத்தாமல் மீட்டியபோது அவ்வொலி அப்படியே நின்றது. அதுதான் அந்தப் பாட்டின் ஷட்ஜம். அறிமுறையின் முதற் பாடம் இதுவே: வீட்டைக் கண்டுபிடி, பிறகு அறைகளைத் தேடலாம்.

அடுத்த ஒலி இரண்டாம் மெட்டில் கிடைத்தது. அதற்கடுத்தது நான்கில். ஓரிடத்தில் பாட்டு ஏழாம் மெட்டுவரை ஏறி இறங்கியது. ஒரே ஓரிடத்தில் ஷட்ஜத்துக்குக் கீழே போயிற்று. அதனை நான்காந் தந்தியின் இரண்டாம் மெட்டில் அவனே கண்டுபிடித்தான். ச, ரி, க, ப, கீழ்த் தைவதம் ஆகிய ஐந்து சுரங்கள். மோகன இராகத்துக்குரிய சுரங்கள் அவை. அரைமணி நேரத்துக்குள் தாலாட்டின் முதலடி கிற்றாரில் ஒலித்தது. எந்தப் படமும் இல்லை. எந்த இடத்திலும் எழுதி வைக்கப்படாத பாட்டு, கேட்டதனாலேயே கைக்கு வந்தது.

அப்பாயி பாடுவதை நிறுத்திவிட்டுப் பேரனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று சுரக்கூட்டுக்கள்

கிற்றார்க்காரர் கோர்ட் என்று கூறும் சுரக்கூட்டின் இரகசியமும் இப்போது எளிதாகிறது. ஒரு சுரத்தை எடு, மேளத்தின் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக இன்னும் இரண்டைச் சேர், சுரக்கூட்டு ஆயிற்று. ச, க, ப ஒன்று. ம, த, ச மற்றொன்று. ப, நி, ரி இன்னொன்று. இம்மூன்றுக்குள்ளும் ஏழு சுரங்களும் அடங்கிவிடுகின்றன. ஆகவேதான் எண்ணற்ற எளிய பாட்டுக்களுக்கு மூன்று கூட்டுக்களே போதுமானவையாக இருக்கின்றன. காந்தாரம் நான்காம் மெட்டினதாயின் கூட்டு மலர்ந்து ஒலிக்கும். மூன்றாம் மெட்டினதாயின் சற்றே துயரம் தோயும். மேஜர், மைனர் என்னும் பெயர்களின் பொருள் இவ்வளவே.

அப்பாயியின் ஷட்ஜம் மேனாட்டார் ஜி என்று குறிக்கும் இடம். சுருதிப்பெட்டிக்காரர் ஐந்து கட்டை என்பது அதுவே. ஸி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு என்று வரும் கணக்கை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஜி ஷட்ஜமானால் மூன்று கூட்டுக்களும் முறையே ஜி, ஸி, டி. பையன் இதுவரை ஸி, எஃப், ஜி என்ற மூன்றையே எல்லாப் பாட்டுக்கும் பாவித்து வந்தான். தங்கை பாட வந்தால் குரல் எட்டாமற் போவதும், அண்ணன் தங்கைக்குள் சண்டை மூள்வதும் வழக்கமாம். குற்றம் தங்கையின் குரலிலும் இல்லை, அண்ணனின் விரலிலும் இல்லை. ஷட்ஜத்தை மாற்றத் தெரியாமையே குற்றம். பாடுவோரின் குரலுக்கு வாத்தியம் இறங்கி வர வேண்டுமேயன்றி, வாத்தியத்துக்காகக் குரல் கிழிய வேண்டுவதில்லை. அரைக் கட்டை உயர்த்த வேண்டுமாயின் கேப்போ என்னும் கவ்வியை முதலாம் மெட்டில் மாட்டிவிட்டு, பழகிய விரலமைப்பையே வாசிக்கலாம்.

தப்பு சொல்லித் தந்த தாளம்

தாளத்தை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்திலும், கோயில் திருவிழாவிலும் தப்பு முழங்கக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். "தகதிமி" என்றால் நான்கு. "தகிட" என்றால் மூன்று. மேனாட்டுப் புத்தகத்தில் நான்கின்மேல் நான்காக எழுதியிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். "தகதிமி"யின் நான்கையும் விரலில் எண்ணினால் அதுவே. ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தம் அதில் இரண்டு. ஆறின்மேல் எட்டு என்பது "தகிட தகிட" என இரட்டை மூன்று. பைலாவின் துள்ளல் அதிலேதான் இருக்கிறது. வலக்கை தந்தியைத் தொடுமுன் வாய் சொல்லட்டும். வாய் சொல்லாத தாளம் கையில் நில்லாது.

எழுதி வைத்தலின் அருமை

மலையக மக்களின் நாட்டார் பாடல்களைச் சேகரித்துத் தந்த பெருமை எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளைக்கு உண்டு. அவர் போன்றோரின் முயற்சியாற் சொற்கள் அச்சேறின. ஆனால் அச்சிட்ட சொல்லைப் பார்த்து அதன் இராகத்தைப் பாட இயலாது. கொழுந்து மலையிற் பாடியவர்கள், தொட்டிலருகே பாடியவர்கள், மாரடித்து ஒப்பாரி வைத்தவர்கள் முதுமை எய்தி வருகிறார்கள். பிள்ளைகளிற் பலர் கொழும்புக் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடிப் போய்விடுகிறார்கள். ஒரு கிழவி கண்ணை மூடும்போது ஒரு பாட்டின் மெட்டும் உடன் சென்றுவிடுகிறது.

கைத்தொலைபேசியில் பதிவு செய்து வைக்கலாமே என்பீர்கள். நன்று, செய்க. ஆயினும் பதிவு செய்தவன் கேட்டுக்கொண்டே இருப்பான். எழுதத் தெரிந்தவன் வாசிப்பான், பிறருக்குக் கற்பிப்பான். எழுதுவதும் கடினமன்று. சுரத்தின் முதலெழுத்தை இடுக. ஒரு மாத்திரை நீளுமிடத்தில் ஒரு காற்புள்ளி, இரண்டு மாத்திரை நீளுமிடத்தில் ஓர் அரைப்புள்ளி. தாளம் முடியுமிடத்தில் கோடு. பாடசாலைச் சங்கீதக் கொப்பியில் உள்ள முறையே இது.

தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாட்டோடு வளர்ந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு அறிமுறையையும் எழுத்துமுறையையும் கற்றார், கிற்றார் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது நாட்டார் மெட்டு நாடெங்கும் ஒலித்தது. அறிமுறை அவருடைய கிராமத்தை அவரிடமிருந்து பறித்துவிடவில்லை. அதைக் காக்கும் கருவியாயிற்று.

மாணவருக்கு ஒரு சொல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அறிமுறை மட்டும் கற்றவனும் அரைமனிதனே. அப்பாயி காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு வழுக்கி வந்த அழகு நான்காம் மெட்டிலும் இல்லை, இரண்டாம் மெட்டிலும் இல்லை. இடையே எங்கோ இருந்தது. தந்தியைச் சற்றே இழுத்தும் விரலை வழுக்கியும் அதனைத் தேட வேண்டும். கிற்றாரின் மெட்டு நேர்ப்பாதை; நம் பாட்டு மலைப்பாதை. அதைச் செவிதான் கற்பிக்கும்.

ஆகையால் நாள்தோறும் அரைமணி போதும். பத்து நிமிடம் ஒரே தந்தியிற் சுரம் ஏறி இறங்குக, வாயாற் பாடிக்கொண்டே. பத்து நிமிடம் மூன்று கூட்டுக்களை மாற்றி மாற்றிப் பழகுக. எஞ்சிய பத்து நிமிடத்தில் படம் பாராமல், தெரிந்த பாட்டொன்றைச் செவியால் தேடுக. தொடங்குமுன் தந்திகளைச் சுருதி சேர்க்க மறவற்க: ஒரு தந்தியின் ஐந்தாம் மெட்டு அடுத்த தந்தியின் வெறும் ஒலியோடு ஒன்ற வேண்டும், மூன்றாந் தந்தியில் மட்டும் அது நான்காம் மெட்டு. பாடசாலையிற் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கும் மாணவர் அதை வேறு, கிற்றாரை வேறு என்று பிரித்து வைக்க வேண்டாம். பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம்: பிள்ளை ஒரே தந்தியைத் திரும்பத் திரும்பத் தட்டுவதைக் கேட்டுச் சலித்துக் கொள்ளாதீர்கள். பாட்டு வாசிப்பதைக் காட்டிலும் பெரிய வேலையை அப்போது அவன் செய்துகொண்டிருக்கலாம்.

நாம் விடைபெறும் வேளையில் இருட்டிவிட்டது. மடியிலிருந்த குழந்தை இன்னும் உறங்கவில்லை. அப்பாயி மறுபடியும் பாடினார். பையன் இம்முறை பாட்டைப் பின்தொடரவில்லை. எந்த விரலையும் அழுத்தாமல், மூன்றாந் தந்தியையும் நான்காந் தந்தியையும் மட்டும் மெல்ல மீட்டிக்கொண்டிருந்தான். ஷட்ஜமும் கீழ்ப் பஞ்சமமும். அந்தச் சுருதியின்மேல் கிழவியின் குரல் ஊன்றி நின்றது. இரண்டாம் அடி முடியுமுன் குழந்தை உறங்கிவிட்டது.

வாசலில் கிடந்த அவனுடைய கொப்பியைப் பார்த்தோம். கணிதம் எழுதிய பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், சுரங்கள் ஒரு வரி எழுதியிருந்தான். மேலே தலைப்பு: 'அப்பாயி பாட்டு'.